புதுப்பிப்பு: அம்பாசிடர் மார்க் 2, எஞ்சின் கட்டிய பிறகு ஆயில் பிரஷர் ஏறவில்லை (தீர்ந்தது)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: தாத்தா ஓட்டிய வண்டி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சிலிண்டர் கடையும் போரிங் வேலையை மட்டும் வெளியே கொடுத்துவிட்டு மீதியை வீட்டு ஷெட்டிலேயே கட்டினோம். செல்ஃப் அடித்தால் ஆயில் மீட்டர் முள் அசையவே இல்லை.

பாதிப் பேர் பேரிங்கில் இடைவெளி அதிகம், மறுபடி பிரிங்க என்றீர்கள். பிரிக்கவில்லை. பலித்தது, முன்பு டாக்சி ஓட்டிய அண்ணன் சொன்ன வழி: ஆயில் பம்ப் காய்ந்து கிடக்கிறது, முதலில் அதை நனைங்க. பிளாக்கிலிருந்து (எஞ்சினின் அடிப்படை இரும்பு உடல்) ஆயில் ஃபில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, பிளாக் பக்கத் துளையில் ஆயில் ஊற்றிக்கொண்டே, டாப் கியரில் வண்டியைப் பின்னால் தள்ளினோம். எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றியதும் பம்ப் ஆயிலை இழுத்துக்கொண்டது. பைப்பை மாட்டி, பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு செல்ஃப் அடித்தோம், முள் எழும்பியது. அதன் பிறகுதான் பிளக் போட்டு ஸ்டார்ட் செய்தோம்.

எதிர்பாராதது ஒன்று. ஓடியதும் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) அடியில் ஆயில் சொட்டியது. இந்த எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய சுருள் பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்புகிறது. உள்ளே காற்றழுத்தம் கூடினால் அது தாங்காது. அந்த அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் பழைய பிசுக்கால் அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியதும் ஒழுக்கு வெகுவாகக் குறைந்தது. முழுசாக நிற்குமென்று எனக்கு நம்பிக்கையில்லை, கவலையுமில்லை.

இனி ஹெட் நட்டுகளை மறுபடி டைட் வைத்து டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்கணும். டிங்கரிங் பற்றித் தனியாகக் கேட்கிறேன்.