நிற முன்கணிப்பு: சமூக மாற்றம் முதலில் வருகிறதா, சாயம் முதலில் வருகிறதா?

நூலிழை:
ஆடை வடிவமைப்பு பயிலும் நான், நிறப் போக்குகளுக்கும் சமூக மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். 2021-ஆம் ஆண்டுக்கான நிறங்களாகச் சாம்பலையும் மஞ்சளையும், நிறங்களைத் தரப்படுத்தும் நிறுவனமான பான்டோன் 2020 டிசம்பரில் அறிவித்தபோது, பெருந்தொற்றுக் காலத்தின் உறுதியையும் நம்பிக்கையையும் அவை காட்டுவதாகப் பலரும் எழுதினார்கள். ஆனால் ஆடைகளின் நிறம் விற்பனைக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அப்படியானால், அப்போது தோன்றியே இராத நோயை அந்த ஆடைகள் எவ்வாறு பிரதிபலித்திருக்க முடியும்?

சாயத்தொட்டி:
நீங்கள் இரு வேறு செயல்களை ஒன்றாக எண்ணுகிறீர்கள். பான்டோனின் அறிவிப்பு, அந்த நேரத்து மனநிலைக்கு ஒரு நிறத்தின் வழியே பெயர் சூட்டுவது. அது எல்லாத் துறைகளையும் நோக்கிப் பேசுகிறது. ஆடைத் தொழிலுக்கான முன்கணிப்போ வேறு. 1963-இல் தொடங்கிய இன்டர்கலர் அமைப்பில் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஆண்டுக்கு இருமுறை கூடி, சுமார் 24 மாதங்களுக்குப் பின் வரவிருக்கும் பருவத்துக்கான நிறத் தொகுப்பைப் பேசி முடிவு செய்கிறார்கள். சாய ஆலையின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நிறத்துக்கு லேப் டிப் (ஆய்வகத்தில் சிறு துணித்துண்டில் சாயமேற்றிப் பார்க்கும் மாதிரி) எடுத்து, வாங்குபவரின் ஒப்புதல் பெற்று, நூலுக்கோ துணிக்கோ சாயமேற்றி, தைத்து அனுப்பும் வரை பிடிக்கும் காலம்தான் இவ்வளவு முன்கூட்டியே முடிவெடுக்க வைக்கிறது. எல்லோரும் ஒரே தொகுப்பைப் பார்த்தே உற்பத்தி செய்வதால், கணிப்பு ஓரளவு தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

பழந்துணி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சமூக மாற்றம் நிறத்தைத் தொடும் வழி மனநிலை மட்டுமன்று. 1856-இல் மலேரியா மருந்தான கொயினாவைச் செயற்கையாக உருவாக்க முயன்ற 18 வயது வில்லியம் பெர்கினுக்குத் தற்செயலாகக் கிடைத்த ஊதாச் சாயம், அதுவரை செல்வர்களுக்கே எட்டிய ஒரு சாயலைப் பரவலாக்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியச் சாயங்களின் வரத்து தடைபட்டதும், பாரிஸின் நிற அட்டைகளையே (நிற மாதிரிகளின் தொகுப்பு) நம்பியிருந்த அமெரிக்க நெசவுத் தொழில் தனக்கென ஒரு நிற அட்டைச் சங்கத்தை அமைத்துக்கொண்டது. இன்று நாம் முன்கணிப்பு என்று அழைக்கும் தொழிலின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வேறொன்று. 1908-இல் பிரிட்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் ஊதா, வெள்ளை, பச்சை ஆகியவற்றைத் தங்கள் இயக்கத்தின் நிறங்களாக்கினார்கள். எந்த நிபுணரும் அதைக் கணித்துச் சொல்லவில்லை. இயக்கம் அந்நிறங்களை ஏற்ற பிறகே லண்டன் கடைகள் அவற்றில் நாடாக்களையும் அணிகலன்களையும் விற்கத் தொடங்கின.

நூலிழை:
மிக்க நன்றி. அப்படியென்றால், 2016-ஆம் ஆண்டுக்கான நிறங்களாகப் பான்டோன் இளஞ்சிவப்பையும் வெளிர்நீலத்தையும் சேர்த்து அறிவித்ததை எந்த வகையில் வைப்பது?

சாயத்தொட்டி:
பாலின வேறுபாடுகள் மங்கிவருவதை அவர்களே அப்போது குறிப்பிட்டார்கள். ஆகவே அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த விவாதத்தைப் படித்துச் சொன்னது. உங்கள் கட்டுரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் சமூக நிகழ்வு, சாயம் முடிவான காலம், ஆடை விற்பனைக்கு வந்த காலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். நிகழ்வுக்கு முன்பே சாயம் முடிவாகியிருந்தால், அந்த நிறத்துக்குப் பொருள் பின்னர் ஏற்றப்பட்டது என்று துணிந்து எழுதலாம்.