மகப்பேறு விடுப்புடன் ஊதியமில்லா விடுப்பைச் சேர்த்து எடுக்கலாமா?

கேள்வி:
கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் சென்று தனியார் நிறுவனமொன்றில் கணக்கராகப் பணிபுரிகிறேன். என் முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள். இன்னும் பாலாடையில் புகட்டினால்தான் குடிக்கிறாள். எனக்கும் பேறுகாலத்தில் வந்த இரத்தசோகை தீரவில்லை. 26 வார விடுப்போ அடுத்த மாதம் முடிகிறது. சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பையும் அதன்பின் ஊதியமில்லா விடுப்பையும் தொடர்ச்சியாக எடுக்க இயலுமா?

மறுமொழி 1:
ஈட்டிய விடுப்பைத் தொடுவதற்கு முன் இதைக் கவனியுங்கள், சகோதரி. கருவுற்றதாலோ பேற்றாலோ குறைப்பிரசவத்தாலோ தாய்க்கு உடல்நலம் குன்றியிருந்தால், உரிய சான்றின் பேரில், 26 வாரங்களுக்கு மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்புப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் இரத்தசோகைக்கு மருத்துவரிடம் இன்றே சான்று கேளுங்கள். அதற்கடுத்து ஈட்டிய விடுப்பு, கடைசியாக ஊதியமில்லா விடுப்பு என்ற வரிசையே நல்லது.

மறுமொழி 2:
ஊதியமில்லா விடுப்பு சட்ட உரிமையன்று, நிறுவனத்தின் இசைவைப் பொறுத்தது. எனக்கு வாய்மொழியாகச் சம்மதம் சொல்லிவிட்டு, பிறகு அந்த நாற்பது நாள்களையும் அனுமதியின்றி வராத நாள்களாகப் பதிந்தார்கள். அந்த மனவேதனை உங்களுக்கு வேண்டாம். தேதிகளைக் குறிப்பிட்டு எழுத்தில் இசைவு வாங்குங்கள். ஊதியமில்லா மாதங்களில் வருங்கால வைப்புநிதியிலும் பணம் சேராது. வேலையின் தன்மை இடங்கொடுத்தால், விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணிபுரிவதை இருதரப்பும் பேசி முடிவுசெய்ய மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்திருக்கிறது. கணக்கு வேலைக்கு அது பொருந்தும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அக்கா. திங்கட்கிழமை மருத்துவரைப் பார்த்துவிட்டு, மூன்று விடுப்புகளையும் ஒரே கடிதத்தில் தேதியிட்டு எழுதிக் கொடுக்கிறேன்.