உதவி: ஹெச்பிஎல்சி பம்ப் பிரஷர் ஆடுது, பீக் நகருது

வேம்பு_லேப்:
வணக்கம், அவசரம். ஹெச்பிஎல்சில (கலவையில இருக்கிற பொருள்களைப் பிரிச்சு அளக்கிற கருவி) பம்ப் பிரஷர் நிக்கவே மாட்டேங்குது. 90 பார்ல இருக்கும், திடீர்னு 50க்கு விழும், திரும்ப ஏறும். பீக்கும் (ஒரு பொருள் வெளிவர்றதை வரைபடத்துல காட்டுற மேடு) ஒவ்வொரு இஞ்செக்‌ஷனுக்கும் தள்ளித் தள்ளி வருது. காலம் (column, பொருள்களைப் பிரிக்கிற குழாய்) மாத்தியும் அதே கதை. என்ன பண்ணலாம்?

கொங்கு_கெமிஸ்ட்:
மொபைல் ஃபேஸ் (ஓட்டுற கரைப்பான், அதாவது சால்வென்ட்) என்ன? ஃப்ளோ எவ்வளவு? ரெண்டு சால்வென்ட் கலக்குற பைனரி பம்பா, நாலு கலக்குற குவாட்டர்னரியா?

டீகேஸ்_பிரியன்:
காத்துதான். பர்ஜ் வால்வை (காத்தை வெளியேத்துற வால்வு) திறந்து 5 மி.லி. ஃப்ளோல ஓட விடுங்க. சால்வென்ட்டை நல்லா சொனிக்கேட் பண்ணுங்க (அல்ட்ராசானிக் தொட்டியில வெச்சு அதிர விடுறது).

பழைய_கை:
மாசா மாசம் இதே கேள்வி. பிரஷர் எண்ணை மட்டும் சொன்னா யாரும் வைத்தியம் பார்க்க முடியாது தம்பி. ஆட்டம் பிஸ்டன் ஸ்ட்ரோக்கோட சேர்ந்து வருதா, கண்டபடி வருதா? பம்ப் எப்படித் தள்ளுதுன்னு தெரிஞ்சவன் முதல்ல காலத்துல கை வைக்க மாட்டான்.

வேம்பு_லேப்:
பைனரி. 1 மி.லி. ஃப்ளோ, சி18 காலம், 250 x 4.6 மி.மீ. ஏ தண்ணி, பி அசிட்டோநைட்ரைல், 50:50. நிலவேம்பு எக்ஸ்ட்ராக்ட்ல ஆண்ட்ரோகிராஃபோலைடு (அதுல இருக்கிற கசப்புப் பொருள்) பார்க்கிறேன், 223 நானோமீட்டர் ஒளியில. ஆட்டம் ஸ்ட்ரோக்கோடதான் வருது சார். பர்ஜ் பண்ணியும் மாறல. முன்னாடி இதே பம்ப்ல வேற ஒருத்தர் பாஸ்பேட் பஃபர் (உப்புக் கரைசல்) ஓட்டினார்.

உப்பு_எதிரி:
அதான்! பாஸ்பேட் உள்ள இருக்கும்போதே அசிட்டோநைட்ரைல் அதிகமாப் போனா உப்பு இறங்கிடும். சீல், பிஸ்டன் எல்லாம் கீறும். முதல்ல சூடாக்கின தண்ணி விடுங்க. அடுத்த ஆளுக்குக் கொடுக்கும் முன்னாடி கழுவி வைக்காதவங்களை என்ன சொல்றது!

கொங்கு_கெமிஸ்ட்:
ஊகம் வேண்டாம், பிரிச்சுப் பார்க்கலாம். காலத்தைக் கழட்டி, அதுக்குப் பதிலா ரெஸ்ட்ரிக்டர் (எதிரழுத்தம் தர்ற மெல்லிய குழாய்) போடுங்க. 100% ஏ மட்டும் 1 மி.லி.ல ஓட்டி, 10 மி.லி. வால்யூமெட்ரிக் ஃப்ளாஸ்க்ல பிடிங்க. 10 நிமிஷத்துல கோட்டைத் தொடணும். அப்புறம் பி மட்டும். எந்தப் பக்கம் குறையுதோ கோளாறு அங்கதான்.

பி குறைஞ்சா இன்லெட் செக் வால்வைப் (சால்வென்ட் திரும்பிப் போகாம தடுக்கிற ஒருவழி வால்வு) பாருங்க. உள்ள ரூபி பந்து சஃபையர் இருக்கையில உக்காரும். சுத்த அசிட்டோநைட்ரைல்ல மெல்லிய பாலிமர் படலம் பிடிச்சு பந்து ஒட்டிக்கும். அப்போ உறிஞ்சின சால்வென்ட் பாதி திரும்பிப் போயிடும், ஃப்ளோ குறையும், பீக் தள்ளி வரும். கழட்டி முதல்ல தண்ணியில, அப்புறம் ஐசோபுரொப்பனால்ல சொனிக்கேட் பண்ணுங்க. இந்த வரிசை மாறினா மிச்ச உப்பு உள்ளேயே இறுகிடும். மாட்டும்போது அம்புக்குறி மேல பார்க்கணும். பம்ப் ஹெட்டுக்குப் பின்னாடி டிஷ்யூ பேப்பர் வெச்சுப் பாருங்க. நனைஞ்சா சீலும் போச்சு.

மெத்தனால்_கட்சி:
இந்தத் தொல்லைக்கே மெத்தனாலுக்கு மாறுங்கன்னு சொல்றேன். ஒட்டாது, விலையும் குறைவு. 2008 கடைசியில அசிட்டோநைட்ரைல் கிடைக்காம லேப்லாம் திண்டாடினது ஞாபகம் இருக்கா? அக்ரைலோநைட்ரைல் தயாரிப்போட துணைப்பொருள் அது. அங்க உற்பத்தி குறைஞ்சா இங்க பாட்டில் வராது.

டீகேஸ்_பிரியன்:
மெத்தனாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா பாகுத்தன்மை உச்சத்துக்குப் போகும். அதே காலத்துல பிரஷர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கலக்கும்போது சூடாகி குமிழி வேற.

மெத்தனால்_கட்சி:
200 பார் தாங்காத பம்பை எதுக்கு வெச்சிருக்கணும்? குமிழிக்குத்தானே ஆன்லைன் டீகேஸர் (ஓடும்போதே காத்தைப் பிரிச்செடுக்கிற அமைப்பு) இருக்கு?

பழைய_கை:
223ல மெத்தனாலோட பேஸ்லைனையும் யோசிங்க. அதோட கட்ஆஃப் (இதுக்குக் கீழ சால்வென்ட்டே ஒளியை உறிஞ்சிடும்) 205, அசிட்டோநைட்ரைலுக்கு 190. கிரேடியன்ட் (விகிதத்தை மாத்திக்கிட்டே) ஓட்டினா தெரியும். பையன் கேட்டது பம்ப் பத்தி.

கொங்கு_கெமிஸ்ட்:
அசிட்டோநைட்ரைலையே வெச்சுக்கலாம். பி பாட்டில்ல 5% தண்ணி கலந்துட்டு விகிதத்தைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க. பந்து ஒட்டுறது குறையும்.

வேம்பு_லேப்:
ஏ 10 மி.லி. சரியா வந்துச்சு. பி 8.5 கூட வரல. இன்லெட் வால்வைக் கழுவி மாட்டினேன், இப்போ 92-93ல நிக்குது. எல்லாருக்கும் நன்றி, சாம்பிள் போடப் போறேன்.

உப்பு_எதிரி:
கழுவின தண்ணியில வெள்ளையா ஏதும் வந்துச்சா?

கொங்கு_கெமிஸ்ட்:
டிஷ்யூ நனைஞ்சுதா? அதைச் சொல்லலையே.