ஹெட்லைட் மங்கிப்போச்சு, வீட்டிலேயே சரி பண்ணவங்க சொல்லுங்க

நண்பர்களே, அப்பாவோட பழைய கார்ல ஹெட்லைட் ரெண்டும் மஞ்சளடிச்சுப் போச்சு, பல்ப் மாத்தியும் ராத்திரி ஹைவேல வெளிச்சம் பத்தல, இன்னும் அவர்தான் ஓட்டுறாரு அதான் பயமா இருக்கு. உள்ள தண்ணி கோக்கல, வெளிப்பக்கம்தான் சொரசொரன்னு இருக்கு, லைட் மூடியோட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேல வெயில தாங்க இருக்குற யுவி கோட்டிங் போயிருக்கு. டூத்பேஸ்ட் ஐடியா வேணாம், கொஞ்ச நாள்ல திரும்ப மங்கிடும். சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி 800, 1500, 2000, 3000 கிரிட்னு (நம்பர் ஏற ஏற நைஸ்) வாட்டர் பேப்பர்ங்கிற உப்புத்தாள்ல தண்ணி விட்டுத் தேச்சு, பாலிஷ் பண்ற காம்பவுண்ட் போடப்போறேன். அதுக்கு மேல என்ன அடிக்கிறதுன்னுதான் சந்தேகம், ஸ்ப்ரே கேன்ல வர்ற டூகே கிளியர் கோட்டா (ஹார்டனர் கலந்து இறுகுற நிறமில்லாத பெயின்ட்) இல்ல பிபிஎஃப் (பெயின்ட்ட பாதுகாக்க ஒட்டுற கண்ணாடி மாதிரி ஃபிலிம்) ஒட்டினா போதுமா? மதுரை வெயிலுக்கு எது தாங்குது? டூகே அடிச்சவங்க என்ன மாஸ்க் போட்டீங்க, லைட்ட கழட்டாம வண்டிலயே அடிக்கலாமா?