மின்கட்டணக் கருத்துக் கேட்புக்குப் போன அனுபவம் - நீங்களும் சொல்லுங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். இணைப்பு 60 கிலோவாட். 2022இல் மின்கட்டணம் கூடப்போகிறது என்றபோது, கோவையில் ஆகஸ்ட் 16, மதுரையில் 18, சென்னையில் 22 என்று மூன்று இடங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார்கள். நமக்குப் பக்கம் மதுரைதான். விடியுமுன் பஸ் ஏறினேன்.

மின்வாரியம் தானாகக் கட்டணத்தை உயர்த்திவிட முடியாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 64ஆவது பிரிவுப்படி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனு போட வேண்டும். அதன் சுருக்கத்தைப் பேப்பரில் வெளியிட வேண்டும். நம் ஆட்சேபத்தைப் பார்த்த பிறகே ஆணையம் உத்தரவு போடும். அந்த விளம்பரத்தை டீக்கடை பேப்பரில் பார்த்துத்தான் கிளம்பினேன்.

மனு ஆங்கிலத்தில் இருந்தது, மலைபோல. மகள் உட்கார்ந்து எங்கள் வகைக்கு உரியதை மட்டும் தேடிச் சொன்னாள். நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது. அதைப் பல மடங்கு உயர்த்தக் கேட்டிருந்தார்கள்.

இந்த நிலைக்கட்டணம் ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. கார், பிசானம் என்ற இரண்டு பருவத்து நெல்லும் வரும்போது இரவு பகல் பாராமல் அரைப்போம். பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லாமல் கார் பொய்த்துப்போனால் மோட்டார் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த மாதமும் அதே தொகை. நான் சொல்லப் போனது இது ஒன்றுதான்.

கூட்டத்தில் பேர் கொடுத்துவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தேன். முன்னால் பேசியவர்கள் பலர் "ஏழை எளியவன் எங்கே போவான்" என்று உருக்கமாகப் பேசினார்கள். நியாயமான பேச்சுதான். நான் ஒரு வருஷத்து பில்லைக் கொண்டுபோயிருந்தேன், நெல் வராத மாதங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு. மைக்கில் அதைத் தூக்கிக் காட்டி மாதம் மாதமாக வாசித்தேன். கை நடுங்கியது. "வருஷத்தில் எத்தனை மாதம் ஓடும்?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 9ஆம் தேதி உத்தரவு வந்தது. 50 கிலோவாட்டுக்கு மேல் 112 வரை, கிலோவாட்டுக்கு 150 ரூபாய். மாதம் 2,100 கட்டிய நான் 9,000 கட்ட வேண்டும். அன்று ராத்திரி சாப்பிடவே பிடிக்கவில்லை. அப்புறம் மகள் உத்தரவைத் திறந்து காட்டினாள். யார் யார் ஆட்சேபித்தார்கள் என்ற பட்டியல் அதில் இருந்தது, என் பெயரும் இருந்தது. நாம் சொல்வதையும் அதற்கு வாரியம் சொல்லும் பதிலையும் பதிவு செய்துதான் முடிவெடுக்கிறார்கள். பேசாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வரியும் இருந்திருக்காது.

உங்களில் யாராவது போயிருந்தால் எழுதுங்கள்.

*வீரவநல்லூரிலிருந்து:*
அண்ணாச்சி, நான் நேரில் போகவில்லை, தபாலில் அனுப்பினேன். முழுக்கத் தமிழில்தான் எழுதினேன். எங்கள் வீட்டில் நாலு தறி. நூல் விலை, கூலி, கரண்ட் மூன்றையும் ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதியிருந்தேன். 2023இல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை அரசு 1,000 ஆக்கியது. என் கடிதத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். தறிக்காரர்கள் எல்லாரும் விடாமல் கேட்டோம்.

*பாளையங்கோட்டையிலிருந்து:*
நாங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்பு, மூன்று மாடி, லிப்ட் கிடையாது. தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்குமான பொது மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் ஆனதும் மனு எழுதிப் போட்டோம். இப்படிப் பல ஊர்களிலிருந்தும் குரல் எழுந்தது. 2023 கடைசியில், பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத குடியிருப்புக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அண்ணாச்சி, அடுத்த கூட்டம் எப்போது வரும்?

*அம்பாசமுத்திரத்திலிருந்து:*
2022 உத்தரவு 2026-27 நிதியாண்டு வரைக்கும்தான். அதற்கு அடுத்த காலத்துக்குப் புதிதாக மனு போட்டாக வேண்டும். பேப்பர் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நான் பில்லை எல்லாம் இப்போதே நூலில் கோத்து வைக்கிறேன். அம்பை, கல்லிடை, வீரவநல்லூரிலிருந்து பத்துப் பேர் சேர்ந்தால் மதுரைக்கு ஒரு வேன் பிடித்துவிடலாம். வருகிறவர்கள் பில்லோடு வாருங்கள்.