கடலைக் கடந்து வர 23 நாள், திரும்பிப் போக 3 மாதம், ஏன்?

புதுக்குடியிருப்பு ரீச்சர்:
வரலாறு படிப்பிக்கிறேன். வாஸ்கோடகாமா 1498இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் உள்ள மலிந்தியில் இருந்து கள்ளிக்கோட்டைக்கு 23 நாளில் வந்துவிட்டார். அதே கடலை மறுபக்கம் கடக்க மூன்று மாதத்துக்கு மூன்று நாள்தான் குறைவு. "தூரம் ஒன்றுதானே மிஸ், பிறகேன்?" என்று ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முல்லைக்கரை:
காற்றுத்தான் ரீச்சர். மலிந்தியை விட்டு அவர் வெளிக்கிட்டது ஏப்ரல் 24, சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பும் நேரம், பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வந்திருக்கும். கள்ளிக்கோட்டையில் மன்னரோடு முறுகல் வந்து ஆகஸ்ட் 29இல் புறப்பட்டவர்கள், கோவாவுக்குத் தெற்கே உள்ள அஞ்சதீவில் தங்கிவிட்டு ஒக்டோபர் 5இல் நடுக்கடலுக்கு இறங்கினார்கள். வாடை (வடகிழக்குக் காற்று) இன்னும் தொடங்கவில்லை. காற்று மாறுகிற அந்த இடைக்காலத்தில் பாய் கட்டிப் போனால் ஒன்றில் எதிர்க்காற்று, இல்லாவிட்டால் காற்றே செத்துப்போகும் என்று எங்கள் அப்பப்பா சொல்லுவார். அவர்களுக்கு இரண்டுமே வாய்த்தது.

வவுனியா வாசகன்:
அந்த மூன்று மாதத்தில் ஏறத்தாழ 30 பேர் செத்தார்கள், அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்கர்வி, விட்டமின் சி இல்லாமல் வருகிற நோய். பல்முரசு வீங்கிப் பல்லை மூடிவிடும், சாப்பிட முடியாது. விட்டமின் சி பற்றி அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் மலிந்தியில் கரை சேர்ந்ததும் நோயாளிகளுக்கென்று தோடம்பழம் கேட்டுத்தான் ஆளனுப்பினார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யக்கூடியவர்கள் 7, 8 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அப்புறம் ஆள் போதாமல் சாவோ ரஃபாயேல் கப்பலைத் தாங்களே எரித்துவிட்டுப் போனார்கள்.

அடம்பன்கொடி:
காற்றுத் தெரியாத ஆட்கள் என்று மட்டும் எடுக்கவேண்டாம். அத்திலாந்திக் காற்று அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1497இல் ஆப்பிரிக்கக் கரையைப் பிடித்துக்கொண்டு போகாமல் மேற்கே வில் மாதிரி வளைந்து, 90 நாளுக்கு மேல் கரையே காணாமல் போனவர்கள், எவ்வளவு பெரிய துணிவு! இந்தப் பக்கத்துக் காற்றின் கணக்குத்தான் புதிது. அராபியரும் குஜராத்தியரும் அதை நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருந்தார்கள், மலிந்தியில் ஏறிய வழிகாட்டியும் அப்படி ஒருவர்தான். அவரை இப்னு மாஜித் என்று பல புத்தகங்களில் போட்டிருக்கும், ஆய்வாளர்கள் இப்போது அதை ஏற்பதில்லை, பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்:
எல்லோருக்கும் பெரிய நன்றி. வகுப்பு வரைபடத்தில் கப்பல் போன கோடு மட்டும்தான் இருக்கிறது, நாளைக்குக் காற்றையும் பக்கத்தில் கீறிக் காட்டப் போகிறேன். கேட்ட பிள்ளையின் தகப்பனும் கடலுக்குப் போகிறவர்தான். தம்பி முல்லைக்கரை, எங்கள் கரையில் வாடை எந்த மாதம் பிடிக்கும் என்று அப்பப்பா சொல்லுவார்?