புதுப்பிப்பு: ஸ்டியரிங் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது

என் பழைய காரில் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை, நேர்சாலையிலும் வண்டி அலைபாய்கிறது என்று எழுதியிருந்தேன். ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி) தேய்ந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தேன். அது பெரும்பாலும் தவறான கணிப்பு.

சக்கரங்கள் தரையில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, நண்பரை ஸ்டியரிங்கை இடதும் வலதுமாக லேசாக ஆட்டச் சொன்னேன். நான் டார்ச்சுடன் கீழே படுத்து, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தேன். இடது டை ராட் எண்டில், அதாவது சக்கரத்தைத் திருப்பும் தண்டின் (டை ராட்) முனையில் உள்ள பந்து மூட்டில், ‘டக்’கென்று விரலில் தட்டியது. ராட் நகர்கிறது, சக்கரம் நகரவில்லை! ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வற்றி, உள்ளே ஒரே துரு.

சரி என்று இரண்டு பக்கமும் மாற்றினேன். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அதே அளவு முறுக்கினேன். இந்தச் சுற்றுக் கணக்கு பட்டறை வரை ஓட்டிப்போக மட்டும்தான். அப்புறம் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம்.

முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது. மிச்சம் பாக்ஸில் இருக்கிறது, ஆனால் உள்ளே பற்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்கும் அதன் அட்ஜஸ்ட் ஸ்குருவை நான் தொடவில்லை. அதிகம் இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகாது.